பச்சை விளக்கு எரியும் அறை

மூடி வைத்த லேப்டாப்பின் இடுக்கிலிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, கடுகளவுதான். ஆனால் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த அந்தப் பிற்பகலில், ஜன்னல் சாத்தி, ஈரத் துணி வாடை அடித்துக்கொண்டிருந்த அந்த அறையில், அந்தக் கடுகளவு வெளிச்சம் மேசை விளிம்பு வரைக்கும் ஒரு கோடாக நீண்டு கிடந்தது. கையில் காபியோடு உள்ளே வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா போனதிலிருந்து அவள் அந்த லேப்டாப்பைத் தொடவில்லை. மூடியவள் அவள்தான். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தவளும் அவள்தான்.

காபியை ஓரமாக வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். திரை கரும்பலகை மாதிரி செத்துக் கிடந்தது. அதற்கு மேலே, கேமராக் கண்ணுக்குப் பக்கத்தில், கேமரா ஓடும்போது மட்டும் எரிகிற அந்தச் சின்ன விளக்கு எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் 'ஐயோ, எவனோ பார்க்கிறான்' என்று முதலில் பதறியிருப்பார்கள். அவளுக்குப் பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். காது மடல் சுட்டது, கழுத்து வியர்த்தது, தனியாக இருக்கிற வீட்டில் யாருக்கோ முகம் காட்ட முடியாமல் தலை தானாகக் குனிந்தது. பச்சை விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

விரல் வெட்டுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினாள். பிளாஸ்திரி வழியாகவும் பச்சை தெரிந்தது.

அவளுக்குக் கேட்டு எழுதுகிற வேலை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்த வேகத்தில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருடைய குடலில் என்ன, யாருடைய முதுகெலும்பில் என்ன என்று ஒரு சொல் விடாமல் தட்டித் தருவாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதனால் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. அவள் இருப்பது முதல் மாடி. படியேறி வந்தால் கதவுக்குப் பக்கத்து ஜன்னலின் மங்கல் கண்ணாடியில் திரை வெளிச்சம் தெரியும். வெளிச்சம் தெரிந்தால் யாரும் கதவைத் தட்டக் கூடாது. அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி, ஏதாவது வாங்கி வந்தால் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவான். "எங்க அக்கா எந்நேரமும் டாக்டருங்களோடதான் இருக்கா. என்ன, ஒருத்தரும் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கறாங்க" என்று அவன் கேலி பேசுவது வழக்கம்.

அப்பாவுக்குக் கால் விழுந்த பிறகு அவரை முதியோர் இல்லத்தில் விட்டார்கள். நல்ல இல்லம்தான். ஒவ்வொரு அறையிலும் ஒரு கேமரா. பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம், பேசலாம். பார்ப்பது தெரியாமல் பார்க்கக் கூடாது என்று கேமராவுக்குக் கீழே பச்சையாக ஒரு விளக்கு வைத்திருந்தார்கள், அறைக்கு வெளியே கதவின் மேலும் அதேபோல ஒன்று. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் எரியும். அந்த இணையப் பக்கம் சும்மா இருக்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். அணைந்த மறுநிமிடம் அப்பாவிடமிருந்து போன் வரும்.

"பாப்பா, போயிட்டியாம்மா?"

நாற்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள், "நான் வேலை பார்க்கறதா, உங்க விளக்கைப் பார்க்கறதா?" என்று வெடித்துவிட்டாள். "வேலையைப் பாரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். பெற்றவர்மேல் எரிந்து விழாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

முன்பொரு தடவை அவள் லேப்டாப் திணறியபோது தம்பி வந்து பார்த்தான். மருந்துப் பெயர்களுக்காக அவள் கண்ட இணையப் பக்கத்தையும் சேமித்து வைத்திருந்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, சேமிச்சு வெச்சா அது வெறும் போட்டோன்னு நினைச்சியா? அந்தப் பக்கத்துக்குள்ள எழுதி வெச்சிருக்கற வேலையெல்லாம், அதான் ஸ்கிரிப்ட், கூடவே வந்துடும். நீ திறந்ததும் அது பாட்டுக்கு உன் மெஷின்ல ஓடும். யாரைக் கூப்பிடணுமோ கூப்பிடும். ஸ்கிரிப்டைக் கட்டிப்போட்டுட்டுத்தான் திறக்கணும்."

"பக்கத்தைப் போய் யாராவது கட்டிப்போடுவாங்களாடா?"

"நாயைக் கட்டாம கேட்டைத் திறப்பியா?"

சேமித்த எந்தப் பக்கமும் தன்னிஷ்டத்துக்கு ஓடாதபடி கட்டிப்போட்டுவிட்டுத்தான் போனான். அவன் எச்சரிக்கையாகச் சொன்னதையே அவள் தந்திரமாக எடுத்துக்கொண்டாள், அதுதான் கொடுமை. இல்லத்தின் பக்கத்தைத் திறந்து, அப்படியே சேமித்து, அந்த ஒன்றை மட்டும் அவிழ்த்துவிட்டாள். சேமித்த பக்கத்தில் படம் அசையவில்லை. ஜன்னலோர நாற்காலியில் அப்பா, கேமராவைப் பார்த்துக் கையைப் பாதி தூக்கியபடி. ஆனால் உள்ளே இருந்த ஸ்கிரிப்ட் ஓடியது, அவள் பார்த்துக்கொண்டிருப்பதாக இல்லத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. 'இன்னும் இருக்கிறீர்களா?' என்ற கேள்வி வரவே இல்லை. அவள் போன் போட்டுப் பார்த்தாள்.

"லைட் எரியுதாப்பா?"

"எரியுதும்மா." குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "நீ உன் வேலையப் பாரு. நான் கூப்பிட மாட்டேன்."

லேப்டாப்பைப் போட்டதும் அந்தப் பக்கம் தானே திறந்துகொள்ளும்படி செய்துவைத்தாள். மற்ற பக்கங்களுக்குப் பின்னால் தள்ளினாள். அந்தப் பக்கத்துச் சத்தத்தையும் அடைத்தாள். முதல் இரண்டு நாள் மனசு உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. விளக்கு எரிந்தது, அப்பா கூப்பிடவில்லை, வேலை ஓடியது.

அவர் போன பிறகு அறையைக் காலி செய்ய அவளும் தம்பியுமாகப் போனபோது, பகல் நேர நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள மாதிரி பொண்ணு கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணுங்க. எப்ப வந்தாலும் லைட் எரியும். நீங்க டைப் அடிக்கற சத்தம் டக்குடக்குன்னு ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டே இருக்கும். நாங்க கொஞ்சம் சத்தமாப் பேசினாக்கூட, 'ஷ்ஷ், எம்பொண்ணு வேலை செய்யறா'ம்பாரு."

அப்பாவின் சத்தத்தை அடைத்தவள், தன் ஹெட்போன் மைக்கை அடைக்க மறந்திருந்தாள்.

"அன்னிக்குக் காலையில..." என்று கேட்டாள்.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "அதான் மனசு கேக்கல. எங்களுக்கு ஆளு கம்மிங்க. விளக்கு எரியாத ரூமுக்குத்தான் முதல்ல போவோம். எரிஞ்சா குடும்பத்துல ஒருத்தர் கண்ணு இருக்கு, ஒண்ணுன்னா போன் வந்துடும்ல? இவரு ரூமுக்குக் கடைசியிலதான் போனோம். கீழ விழுந்து கிடந்தாரு. நீங்க ஏதோ எழுந்து போன நேரம் போல..."

"ஆமா" என்றாள் அவள். "எழுந்து போயிருந்தேன்."

தம்பி அங்கேயே அவள் தோளில் சாய்ந்து அழுதான். "நான் ஒண்ணுமே செய்யலக்கா. நீயாவது கடைசி வரைக்கும் பார்த்துட்டே இருந்தியே." அவன் கண்ணீரில் அவள் சட்டை நனைந்தபோது, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, லேப்டாப்பை மூடி வைத்தாள்.

இப்போது அது எரிகிறது.

பொத்தானை அழுத்தினாள். லேப்டாப் உயிர் பெற்றதும் பழக்கப்படி அந்தப் பக்கம் தானே வந்து நின்றது. நாற்காலி. அப்பா. பாதி தூக்கிய கை. அவள் படத்தைப் பார்க்காமல் அதை மூடினாள். சேமித்ததைத் தேடிப் பிடித்து அழித்தாள். குப்பையையும் காலி செய்தாள். பிளாஸ்திரிக்கு அடியில் பச்சை அசையவில்லை. வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டாள்.

"கேமரா லைட் தானா எரியுதுடா."

"மறுபடியும் கண்டதை சேமிச்சு வெச்சியா? ஏதோ உள்ள ஓடுது. என்ன பக்கம்?"

மழை தகரத்தில் விழும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

"ஒண்ணுமில்லடா. மருந்துப் பேருதான்."

"மெஷினை எடுத்துட்டு வா, என்ன ஏதுன்னு தோண்டிப் பார்த்துடறேன்."

தோண்டிப் பார்த்தால் அவன் கண்ணில் எதெல்லாம் படும்! எந்த நாளில் சேமித்தாள், எத்தனை நாள் ஓடியது, எல்லாம் அதற்குள் இருக்கும்.

"வேண்டாம், வேலை இருக்கு."

"சரி, நெட்டைப் பிடுங்கு. ஸ்கிரிப்டை மொத்தமா நிறுத்து. கடையைச் சாத்திட்டு ஒரு எட்டு வர்றேன். பயப்படாத, வெளிச்சம் தெரிஞ்சா தட்ட மாட்டேன்." போனை வைக்குமுன் சொன்னான். "அக்கா, நீ அவரைப் பார்த்துட்டே இருந்தேன்னு நினைச்சாத்தான் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வருது."

அவள் போனை மேசைமேல் வைத்தாள்.

பிறகு அவன் சொன்னதைச் செய்தாள். நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஸ்கிரிப்டை மொத்தமாக நிறுத்தினாள். கதவின் தாழ்ப்பாளைக்கூட ஏனோ ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். வெளியே சாயங்காலம் மழையோடு சேர்ந்து கருத்துவிட்டிருந்தது. திரும்பி வந்தபோது திரையில் அந்தப் பக்கம் நின்றிருந்தது.

அழித்த பக்கம்.

அதே ஜன்னல், அதே திரைச்சீலை, அதே மடிப்பு. நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. இருக்கையில் குழி விழுந்த இடம் தெரிந்தது. கண் தானாகப் படத்தின் கீழ் விளிம்புக்குப் போனது. அங்கே, விளிம்பு வெட்டுகிற இடத்தில், நரைத்த முடி கொஞ்சம். தரையோடு தரையாக.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் ஏதோ முனகியது. அடைத்து வைத்த சத்தம். கேட்கக் கூடாது என்று மனசு சொன்னது, இத்தனை வருஷம் வேலை செய்த கை கேட்கவில்லை. எடுத்து மாட்டிக்கொண்டது.

முதலில் சுவர்க் கடிகாரம். அப்புறம் யாரோ தரையில் நகர முயல்வது போல் துணி உரசும் சத்தம். அப்புறம் மூச்சு. பல் இல்லாத வாய் விடுகிற, ஈரமான மூச்சு. வெகு பக்கத்தில்.

"பாப்பா."

அவள் விரல்கள் விசைகளின்மேல் இருந்தன. காதில் விழுந்தால் தட்டும் விரல்கள். தட்டின.

"பாப்பா, விழுந்துட்டேம்மா. எழுந்திருக்க முடியல." மெதுவாக, அண்டை அயலுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாகப் பேசினார். "அவசரம் ஒண்ணுமில்ல. கைவேலைய முடிச்சுட்டு, அப்புறமா நர்ஸுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லு. பார்த்துட்டுத்தானே இருக்கே?"

மூச்சு. கடிகாரம்.

"பார்த்துட்டுத்தானே இருக்கே."

அந்த மூச்சுக்குப் பின்னால், அப்பா அறையின் ஸ்பீக்கரில், தூரத்தில், டக்குடக்கு என்று ஒரு சத்தம். நிற்காத, சீரான சத்தம். அவளுடையது. கத்திக் கூப்பிட்டிருந்தால் வராந்தாவில் யாருக்காவது கேட்டிருக்கும். அவர் கத்தவில்லை. மகள் வேலை செய்கிறாள் என்று கத்தவில்லை.

"அப்பா, மன்னிச்சிடுங்கப்பா" என்று அழுதாள். வாய்விட்டு, கோணல்மாணலாக அழுதாள். அழுதுகொண்டே விரல்களை விசைகளிலிருந்து பிடுங்கினாள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

துள்ளி எழுந்தாள். ஹெட்போன் வயர் காலில் சுற்றியது. மேசை முனை இடுப்பில் இடித்தது, அப்புறம் தரை. உள்ளே எங்கோ மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலி பிறகு வந்தது. வந்தபோது கண் இருண்டது.

கண் தெளிந்தபோது கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே அசையவில்லை. போன் மேசைமேல். லேப்டாப் மேசைமேல். பிளாஸ்திரி கழன்று அவள் முகத்துக்கு எதிரே தரையில் கிடந்தது. மேலே பச்சை, தடையில்லாமல்.

படியில் காலடி.

தம்பி. அவன் செருப்பு ஈரத்தில் சறுக்கும் சத்தம் அவளுக்குத் தெரியும். கைப்பிடியில் பை சரசரத்தது. ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும். கதவை உடைத்துக்கொண்டு வந்துவிடுவான்.

வந்தால் முதலில் திரையைத்தான் பார்ப்பான். இல்லத்தின் பக்கம். காலி நாற்காலி. படத்துக்குக் கீழே, அவள் விரல்கள் தட்டிவைத்த அப்பாவின் ஒவ்வொரு சொல்லும்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வெட்கம் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சு நேரம்தான். ஒரே ஒரு மூச்சு.

வெளியே அவன் போனில் மனைவியிடம் பேசுவது கேட்டது. "அக்கா வேலையா இருக்கா. லைட் எரியுது... ஆமா, டைப் அடிக்கற சத்தம் வெளிய வரைக்கும் கேக்குது. இல்ல இல்ல, தட்டல. எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? அப்புறம் வரலாம்."

செருப்பு திரும்பியது. ஒரு படி. இரண்டு படி.

"தம்பி!" என்றாள். "டேய் தம்பி!"

மழை வலுத்தது. கீழே கேட் சாத்தியது.

திரை தானாக அணைந்தது. பச்சை மட்டும் எரிந்தது. அது சுவரில் பட்டது, மங்கல் கண்ணாடியில் பட்டது, காபிமேல் பட்டது. யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. யாருமே பார்க்காதபோதும் இந்த விளக்கு இப்படித்தான் எரியும்.

மேசை விளிம்பிலிருந்து ஹெட்போன் வயரில் தொங்கி, அவள் காதுக்குப் பக்கத்தில் மெல்ல ஆடியது. உள்ளே டக்குடக்கு. டக்குடக்கு. யாரோ மும்முரமாக வேலை செய்கிறார்கள்.

தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பார்த்துட்டுத்தானே இருக்கே?"

தட்டும் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் யாரோ காது கொடுத்துக் கேட்பது போல ஒரு நொடி.

பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது.